மடியில் பூசணிக்காய்

சித்தப்பா என்பது ஒரு காரின் பெயர். காலையில் சாவியைத் திருப்பினால் மூன்று முறை தொண்டையைச் செருமிவிட்டுத்தான் அது கிளம்பும். அவளுடைய சொந்தச் சித்தப்பாவும் பேச்சைத் தொடங்குமுன் அப்படித்தான் செருமுவார் என்பதால், வாங்கிய அன்றே பெயர் ஒட்டிக்கொண்டது. மூன்று கை மாறி நான்காவதாக வந்த வண்டி. பின்கதவுக் கண்ணாடியை இறக்கினால் ஏறாது, ஏற்றினால் இறங்காது. இருந்தாலும் கைக்காசில் வாங்கியது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சொல்லி வாங்க வைத்தவள் அவள்தான். ஓட்டியது மட்டும் அவள் கணவன், ஏனென்றால் அவளிடம் லைசென்ஸ் இல்லை.

லைசென்ஸுக்கு அவள் முயலவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இரண்டு முறை தேர்வுக்குப் போய் இரண்டு முறையும் கோட்டை விட்டிருந்தாள். முதல் முறை, இரண்டு கார்களுக்கு நடுவே ரிவர்ஸில் வந்து நிறுத்தச் சொன்னார்கள். பிசகில்லாமல் உள்ளே நுழைந்துவிட்ட சந்தோஷத்தில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் படபடவென்று தட்டினாள். வண்டி அப்போது இன்னும் நிற்கவில்லை. இரண்டாம் முறை குறுக்கே ஒரு புறா வந்தது. அவள் பிரேக்கை மிதித்த மிதியில், பக்கத்தில் இருந்த தேர்வு அதிகாரியின் பேனா மதிப்பெண் தாளின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கோடு போட்டுக்கொண்டு போனது.

"புறாவுக்கு ஒண்ணும் ஆகலையே சார்?" என்று பதறினாள்.

"புறா பாஸ்" என்றார் அதிகாரி.

இப்போது மூன்றாவது தேர்வு, வருகிற வெள்ளிக்கிழமை. இந்த முறை விளையாட்டில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக அவளுக்கு வேலை. நிலத்தடியில் ஜன்னல் இல்லாத அறை, தலைக்கு மேல் டியூப் லைட், மேசையில் எண் எழுதிய குப்பிகள். ஒரு நாளைக்கு இருநூறு பேருடைய ரத்தத்தைப் பார்ப்பாள், ஒருத்தருடைய முகத்தையும் பார்க்க மாட்டாள். நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்கே போய் ரத்தம் எடுத்துவரும் வேலை ஒன்று இப்போது காலியாகியிருந்தது. அதற்கென்று ஒரு சின்ன வண்டியும் உண்டு. "உனக்குத்தான் தரணும்னு எனக்கும் ஆசை. மாசக் கடைசிக்குள்ள லைசென்ஸைக் காட்டு. இல்லன்னா நான் என்ன பண்ண?" என்று மேலதிகாரி அம்மா சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமையை விட்டால் அடுத்த தேதிக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அவளுக்கு வெயில் வேண்டும், தெரு வேண்டும், ரத்தத்தோடு சேர்த்து முகமும் வேண்டும். அந்த வேலைக்கு அவள் அவ்வளவு ஆசைப்பட்டாள்.

தேர்வுக்கு எட்டு நாள் இருக்கும்போது, சித்தப்பாவின் முன்பலகையில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் பயிற்சி முடிந்து அவள் இறங்கி, கணவன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பிய நேரம். விளக்கில் ஓர் ஆள் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் மடிக்கு முன்னால் உருண்டையாக என்னமோ இருந்தது.

"யாரோ பூசணிக்காயை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்" என்றான் கணவன்.

வண்டியோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்தார்கள். முன்பு வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் அதில் எல்லாப் படத்துக்கும் மீசை வரைந்திருந்தார்கள். பூசணிக்காய்க்காரனுக்கும் மீசை இருந்தது. அவனுக்குக் கீழே, மோதினால் உப்பி வந்து ஆளைக் காப்பாற்றும் ஏர்பேக்கில் கோளாறு, உடனே சரிபார்க்கவும் என்று போட்டிருந்தது. தேர்வுக்கு அழைத்த கடிதத்தையும் எடுத்துப் பார்த்தாள். 'எச்சரிக்கை விளக்கு எரியும் வாகனம் ஏற்கப்படாது. கட்டணம் திருப்பித் தரப்படாது.'

கணவன் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். எந்தக் கறையைக் கண்டாலும் மேலே ஒரு பூச்சு பூசிவிடலாம் என்பது அவன் மதம். "ஒரு சின்ன கறுப்பு டேப். ஒட்டிட்டா தெரியவே தெரியாது."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு சொல்வாங்களே, அதை நேர்ல பண்ணிக் காட்டப்போறீங்களா? அது உசுரு காக்கிற சமாச்சாரங்க. உங்க தலைக்கும் சேர்த்துத்தான்."

அவன் டேப்பை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குப் போனார்கள். கண்ணாடிச் சுவர், காப்பி இயந்திரம், சோபா. சோபாவில் உட்காரும்போதே அவளுக்குச் செலவு புரிந்துவிட்டது. இஸ்திரி கலையாத சட்டைக்காரர் ஒருவர் வெளியே வந்து, கார்க் கண்ணாடி வழியாக விளக்கை எட்டிப் பார்த்தார். கதவைக்கூடத் திறக்கவில்லை. உள்ளே போய்க் கணினியில் தட்டி, "முழு செட்டையும் மாத்தணும்" என்று ஒரு தொகை சொன்னார். கார் வாங்கிய விலையைவிட அது அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

"சார், அந்த விலைக்கு நீங்களே வண்டியை வாங்கிக்கிறீங்களா?" என்று கணவன் மரியாதையாகக் கேட்டான்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பொருமிக்கொண்டே வந்தாள். தொகையைவிட அந்த மனிதர் எட்டிப் பார்த்த விதம்தான் அவளுக்கு ஆறவில்லை. "ரத்தமே எடுக்காம மருந்து எழுதறாருங்க! எங்க லேப்ல ஒரு குப்பி லேசா கலங்கி வந்தாலே, யாரு எடுத்தது, எத்தனை மணிக்கு எடுத்ததுன்னு பத்துக் கேள்வி கேப்போம். இவரு ஒரு கேள்வி கேட்டாரா?"

"கேட்டாரே. காப்பி வேணுமான்னு."

பயிற்சிப் பள்ளியின் வண்டியைத் தேர்வுக்கு வாடகைக்கு எடுக்கலாம்தான். ஆனால் மூன்றாம் முறை கட்டணம் கட்டியதிலேயே வீட்டுக் காசு டப்பாவின் அடி தெரிந்துவிட்டது. வெறுங்கையால் முழம் போட முடியாது. காசு இல்லை என்றால் மூளையைத்தான் செலவழிக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். அதில் ஒரு குறையும் இல்லை.

சனிக்கிழமை காலையில் லேபில் மிச்சமான ஒட்டுச்சீட்டுகளைக் கொண்டுவந்தாள். குப்பியில் ஒட்டுவது போன்ற சின்ன வெள்ளைச் சீட்டு. வண்டியைக் கிளப்பும் ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டு. மணி என்ன, மழையா வெயிலா, ரேடியோ பாடியதா, பெட்ரோல் எவ்வளவு, யார் ஓட்டியது, விளக்கு எரிந்ததா இல்லையா. எழுதி எழுதி முன்பலகையில் வரிசையாக ஒட்டினாள். வேலைக்குக் கிளம்பிய கணவன் அதைப் பார்த்துவிட்டு, "சித்தப்பாவுக்குச் சுகரா, பிரஷரா?" என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சீட்டுகள் பதினாலு ஆகியிருந்தன. அவள் ஸ்டியரிங்கில் முழங்கையை ஊன்றி அவற்றைப் படித்தாள். மழையிலும் எரிந்திருக்கிறது, வெயிலிலும் எரிந்திருக்கிறது. ரேடியோ பாடினாலும் எரிந்திருக்கிறது. திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். கணவன் பதறிப்போய் மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

"ஏங்க, நோய் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சுட்டேன். நீங்கதான்!"

"நானா?"

"நீங்க உக்காந்து கிளப்பினா எரியுது. நான் கிளப்பினா எரியல. பதினாலு தடவையும் அப்படித்தான்."

"அப்ப நான்தான் கிருமியா?" என்றான் அவன், உண்மையிலேயே மனம் நொந்து.

அவளோ பரிசோதனைக் கூடத்துக்காரி. ஒரு முடிவை இரண்டாவது வழியிலும் சோதிக்காமல் விடமாட்டாள். அவன் ஆறடிக்கு மேலே இரண்டு விரல். இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளினால்தான் காலை நீட்ட முடியும். அவள் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைச்சல். கடைசிவரை முன்னால் இழுத்தால்தான் பெடல் எட்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை அவள் 'கடக்' என்று இழுப்பதும் அவன் 'கடக்' என்று தள்ளுவதும் வழக்கமாகிவிட்டது. இப்போது அவனை அவளுடைய இடத்தில் உட்காரச் சொன்னாள். முட்டி காதைத் தொட, தலை கூரையில் இடிக்க, மடக்குக் கத்தி மாதிரி அவன் உள்ளே போனான். கிளப்பினான். விளக்கு எரியவில்லை. பிறகு அவனுடைய இடத்தில் அவள் உட்கார்ந்தாள். கால் பெடலுக்கு அரை சாண் முன்னாலேயே அந்தரத்தில் ஆடியது. எட்டிச் சாவியைத் திருப்பினாள். பூசணிக்காய்க்காரன் மஞ்சளாக வந்து உட்கார்ந்தான்.

"கிருமி நீங்க இல்ல. உக்கார்ற சீட்டு!" என்று கத்தினாள். எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் கையில் கிளிப்போடு அப்படியே நின்றுவிட்டார்.

திங்கட்கிழமை சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றைக் கொட்டகை மெக்கானிக்கிடம் போனார்கள். கணவன் அதற்குப் பக்கத்துக் கடைக்குப் பெயிண்ட் அடித்தபோது பழக்கம். அவருக்கு 'ம்' அண்ணன் என்று பெயர். எதற்கும் 'ம்' என்றுதான் சொல்வார். ஆனால் ஒவ்வொரு 'ம்'முக்கும் ஒரு அர்த்தம் உண்டு என்றும், குட்டையான 'ம்' வந்தால் செலவு குறைவு என்றும் கணவன் வழியிலேயே பாடம் எடுத்திருந்தான்.

'ம்' அண்ணன் முன்பலகைச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். அவருடைய புருவம் மேலே போனது. அவளை ஒரு முறை பார்த்தார். "ம்!" என்றார். அது வாழ்த்து.

ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். பேட்டரி இணைப்பைக் கழற்றினார். ஏர்பேக் தப்பித்தவறி வெடித்துவிடாமல் இருக்கக் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகுதான் இருக்கைக்குக் கீழே கையை விட்டார். பெயிண்ட் கலக்கும் குச்சி ஒன்று வந்தது. ஒற்றைக் கையுறை வந்தது. ஆறு மாதத்துக்கு முன் காணாமல் போய், அதற்காக வீட்டையே கவிழ்த்துத் தேடிய அவளுடைய ஒரு தோடு வந்தது. அவள் அங்கேயே அதை மாட்டிக்கொண்டாள்.

கடைசியில் மெக்கானிக் பேசினார். "சீட்டுக்கு அடியில ஒரு ஒயர் இருக்கு, தங்கச்சி. முன்னாடி பின்னாடி இழுத்து இழுத்து அது நைஞ்சு போச்சு. அந்தக் குச்சியும் மாட்டிக்கிட்டு இழுத்திருக்கு. வேற ஒண்ணும் கெட்டுப்போகல. ஒயர் மட்டும் புதுசா போட்டா போதும்."

"எவ்வளவு ஆகும்ணே?"

அவர் சொன்ன தொகை பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஒரு காப்பிக்குக் கொஞ்சம் மேலே. கணவன் மனைவி இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"ஆனா ஒயர் வர ரெண்டு வாரம் ஆகும்" என்றார் அவர்.

சிரிப்பு நின்றது. மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "அதுவரைக்கும் ஒரு வழி இருக்கு. சீட்டை ஒரே இடத்துல வெச்சு, இணைப்பை அழுத்திக் கட்டிடறேன். ஸ்கேனர்லயும் பார்த்துக் கொடுக்கறேன். அந்த இடத்துல ஏர்பேக்கும் வேலை செய்யும், லைட்டும் வராது. ஆனா ஒரு அங்குலம்கூட நகத்தக் கூடாது." அவர் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "யாரோட இடத்துல கட்டட்டும்?"

இருபது லிட்டர் வாளிகளையும் ஏணியையும் இந்த வண்டியில் ஏற்றித்தான் அவன் தினமும் வேலைக்குப் போகிறான். வீட்டு வாடகை அந்த ஏணியில் ஏறித்தான் வருகிறது. இருக்கையை அவளுக்காகக் கட்டிவிட்டால் அவனால் உள்ளே நுழையக்கூட முடியாது. போகட்டும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இதுல என்னண்ணே கேள்வி?" என்றான் அவன். "அவ இடத்துல கட்டுங்க."

"ஏங்க, உங்க வேலை?"

"நான் பஸ்ல தொங்கிக்கிட்டுப் போவேன்." கொஞ்சம் யோசித்தான். "ஏணிதான் தொங்காது. அதை அப்புறம் பாக்கலாம்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மெக்கானிக்கின் முன்னால் அழக்கூடாது என்று தோட்டைத் திருகிக்கொண்டு நின்றாள். 'ம்' அண்ணன் மிக நீளமாக ஒரு 'ம்' சொல்லிவிட்டுக் கீழே குனிந்துகொண்டார்.

ஏணிக்கு வழி சொன்னது அவள்தான். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருந்தால் அவள் ஓட்டலாம். காலையில் அவளே அவனை வேலை நடக்கும் வீட்டுக்கு ஓட்டிப்போய், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, பஸ் பிடித்து லேபுக்குப் போவது. சாயங்காலம் பஸ்ஸில் அங்கே திரும்பி வந்து, அவனை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டுவது. இதுவரை அவள் ஓட்டிப் பழகியதெல்லாம் குடியிருப்புக்குப் பின்னால் காலி மைதானத்தில், அதுவும் இருபது நிமிடம். இப்போது காலை எட்டு மணி நெரிசல், கூரையில் ஏணி, பின்னிருக்கையின் கால் வைக்கும் இடத்தில் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் பெயிண்ட் வாளிகள்.

செவ்வாய்க்கிழமை முதல் சிக்னலிலேயே அவள் வழக்கம்போல் பிரேக்கை மிதித்தாள். வாளியின் மூடி தெறித்தது. இளநீலம் ஒரு டம்ளர் அளவுக்கு விரிப்பில் ஊற்றியது.

"வானம் கொஞ்சம் கீழ விழுந்திருச்சு. பரவாயில்ல, போ" என்றான் கணவன். இருக்கைகளின் இடுக்கு வழியாக முட்டியில் தெறித்ததைத் துடைக்கவும் இல்லை. அன்று சாயங்காலம் மூன்று இடத்தில் கொட்டியது.

அன்றிரவு சாப்பிடும்போது அவளுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை நாளாக அவள் சாலையையும் விதிகளையும் நினைத்துப் பயந்துகொண்டே ஓட்டியிருக்கிறாள். வாளியை நினைத்து ஓட்ட வேண்டும். லேபில் நிரம்பிய குப்பிகளைத் தட்டில் வைத்து ஒரு துளி ஆடாமல் தூக்கிப் போகிறவள்தானே அவள்? காலால் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

புதன்கிழமை ஒரே ஒரு முறைதான் வாளி குலுங்கியது. அதுவும் பள்ளத்தால். வியாழக்கிழமை வேலை நடக்கும் வீட்டு வாசலில் வண்டி நின்றதும், கணவன் பின்கதவைத் திறந்து அவளைக் கூப்பிட்டான். அரை வாளி இளநீலம் தளும்பாமல் அமைதியாக இருந்தது. வாளிக்கு மூடியே இல்லை.

"மூடி எங்கங்க?"

"இன்னைக்கு நான் போடவே இல்ல. சொன்னா பயப்படுவியேன்னு சொல்லல." இரண்டு முட்டியிலும் நீலத்தோடு நின்று, பெரிய பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. தேர்வு மைதானத்தில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் முன்பு இரண்டு முறையும் வந்த அதே அதிகாரி. அதே பேனா. மூக்கை உறிஞ்சினார். "பெயிண்ட் வாசனை வருதே?"

"வீட்டுக்காரர் பெயிண்டர் சார். வண்டிக்கு அடிக்கல."

"சாவியைத் திருப்புங்க."

திருப்பினாள். எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்து, ஒவ்வொன்றாக அணைந்தன. பூசணிக்காய்க்காரன் மட்டும் உட்கார்ந்திருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. எழுந்து போடா ராசா என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள். நான்கு. விளக்கு அணைந்தது. சித்தப்பா மூன்று முறை செருமிவிட்டுக் கிளம்பினார்.

பின்னால் வாளி இல்லை. ஆனால் இருப்பதாகவே வைத்துக்கொண்டு ஓட்டினாள். கடைத்தெரு முனையில் ஒரு பந்து உருண்டு சாலைக்கு வந்தது. அவள் கால் மெதுவாக இறங்கியது. வண்டி பந்துக்கு நாலு அடி முன்னால் நின்றது. பக்கத்தில் பேனா எழுதிக்கொண்டே இருந்தது, கோடு எதுவும் போடவில்லை. கடைசியில் இரண்டு கார்களுக்கு நடுவே ரிவர்ஸில் வந்து நிறுத்தும் கட்டம். ஒரே முறையில் நுழைந்தாள்.

அதிகாரி பேனாவை மூடினார். "போன தடவைக்கு முந்தின தடவை இந்த இடத்துலதான் கை தட்டினீங்க. இன்னைக்கு ஏன் தட்டல?"

அவள் ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள். "முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுது. பாஸ்."

அப்புறம் தட்டினாள் பாருங்கள், வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி. மதிலுக்கு அந்தப் பக்கம் மற்றவர்களைவிட ஒரு தலை உயரத்தில் நின்ற கணவனும் சத்தத்தைக் கேட்டு அங்கிருந்தே தட்டினான்.

பத்து நாள் கழித்து ஒயர் வந்தது. அதற்குள் அவள் லேபின் சின்ன வண்டியில் ஊரையே சுற்ற ஆரம்பித்திருந்தாள். யார் வீட்டில் எந்தப் பூனை, எந்தத் தாத்தா ஊசியைக் கண்டால் பாட்டுப் பாடுவார் என்றெல்லாம் தினமும் வீட்டுக்கு வந்து சொல்வாள். 'ம்' அண்ணன் ஒயரை மாட்டி, இருக்கையை இருபது முறை முன்னும் பின்னும் இழுத்து, ஸ்கேனரில் பார்த்தார். "இனிமே யார் வேணா எப்படி வேணா நகத்தலாம்" என்றார். கொட்டகைக் கதவுக்கு இலவசமாக இளநீலம் அடித்துத் தருவதாகக் கணவன் வாக்குக் கொடுத்தான். ஒரு குட்டையான 'ம்' வந்தது.

மறுநாள் காலை வாளிகளை ஏற்றியதும் கணவன் ஓட்டுநர் பக்கம் ஏறி, 'கடக்' என்று இருக்கையைத் தள்ளி, காலை நீட்டி, "அப்பாடா" என்றான். வண்டி தெருமுனை வரை போயிற்று. அங்கே ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அவன் பிரேக் போட்டான். பின்னால் தளக் என்று ஒரு சத்தம். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். விரிப்பில் ஒரு டம்ளர் அளவுக்கு மஞ்சள் கொட்டியிருந்தது.

அவன் ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். இறங்கிச் சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"எறங்கு. நீயே ஓட்டு" என்றான். "எனக்கு வரல."

அவள் போய் உட்கார்ந்து இருக்கையை முன்னால் இழுத்தாள். விளக்கு எதுவும் எரியவில்லை.